ஒரு வெட்டுக்கிளிக்கு மூன்று உயரப் புல்



அழைப்பிதழில் என் பேச்சுக்குப் ‘புல்வெளி வெட்டுக்கிளிகளை இனம் காணுதல்’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். உள்ள ஒரு மணி நேரத்தில் அவ்வளவையும் பேசப் புகுந்தால் பெயர்ப் பட்டியல் வாசித்த கதையாகத்தான் முடியும். ஆகவே ஒரே ஓர் இனத்தைப் பிடித்துக்கொள்கிறேன். அது நம் ஊர்ப் பூச்சி கிடையாது. இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிக் கிடக்கும் சுண்ணாம்புக் குன்றுகளில் வாழ்வது. ஆங்கிலத்தில் வார்ட்-பைட்டர் என்பார்கள். அறிவியல் பெயர் டெக்டிகஸ் வெருசிவோரஸ். நான் மருக்கடியன் என்று சொல்லப்போகிறேன். பேச்சு முடியும்வரை அந்தப் பெயரைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை தொலைவு போய் ஏன் இந்தப் பூச்சியைத் தேர்ந்தெடுத்தேன்? ஒரு வெட்டுக்கிளி எந்தப் புல்லில், எவ்வளவு உயரப் புல்லில், வாழ்நாளின் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை இவ்வளவு பொறுமையாக யாரும் வேறு இனத்துக்கு ஆராய்ந்ததாக எனக்குத் தெரியவில்லை. அந்த ஆராய்ச்சியைப் படித்த பிறகு ‘இது என்ன பூச்சி’ என்ற கேள்வியையும் ‘இது எந்தப் புல்லில் இருந்தது’ என்ற கேள்வியையும் தனித்தனியாகக் கேட்க என்னால் முடிவதில்லை. இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் அதற்கான விவரம்.

முதலில் குடும்பத்தை ஒழுங்குபடுத்திக்கொள்வோம். தமிழில் தாவுகிற பச்சைப் பூச்சி எல்லாமே வெட்டுக்கிளிதான். ஆனால் அவற்றில் இரண்டு பெரும் கூட்டங்கள் உண்டு. தலையில் உணர்கொம்பு கட்டையாக, உடம்பில் பாதி நீளம்கூட இல்லாமல் இருந்தால் அது குறுங்கொம்பு வெட்டுக்கிளி. கூட்டம் கூட்டமாக வந்து பயிரை மொட்டையடிக்கும் பாலைவன வெட்டுக்கிளி இந்த வகை. உணர்கொம்பு நூல் மாதிரி மெல்லியதாக, உடம்பைவிட நீளமாகப் பின்னோக்கி வளைந்து போனால் அது நெடுங்கொம்பு வகை. அமெரிக்கர்கள் கேட்டிடிட் என்று அழைப்பதும் ஆங்கிலேயர்கள் புஷ் கிரிக்கெட் என்று அழைப்பதும் இதைத்தான். நம் மருக்கடியன் இந்த இரண்டாம் கூட்டத்தைச் சேர்ந்தது.

சந்தேகம் இருந்தால் காலைப் பாருங்கள். நெடுங்கொம்பு வகைக்குப் பாதத்தில் நான்கு கணுக்கள். குறுங்கொம்பு வகைக்கும் சுவர்க்கோழிக்கும் மூன்று. முன்காலில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே, நீளவாக்கில் சிறு பிளவு தெரியும். அதுதான் காது. பெண்ணின் வயிற்று நுனியில் தட்டையான வாள் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். மிரண்டுபோகாதீர்கள், அது கொட்டாது, முட்டையிடும் உறுப்பு. ஆண் பாடுவது இறக்கையால். இடது முன்னிறக்கை மேலே, வலது கீழே. இடதின் அடிப்பக்கத்தில் பல் வரிசை ஒன்று இருக்கிறது. வலதின் விளிம்பு அதில் உரசும்போது ஒலி பிறக்கிறது. சுவர்க்கோழியில் பெரும்பாலும் இது தலைகீழ், வலது மேலே இருக்கும். குறுங்கொம்பு வெட்டுக்கிளி பலவும் இறக்கையோடு இறக்கையை உரசுவதே இல்லை, பின்தொடையை இறக்கையில் தேய்த்துப் பாடும்.

இந்த வேறுபாடு நம் உழவர்களுக்கும் வேண்டியதுதான். நெல் வயலில் இலையைக் கடித்துத் தின்னும் குறுங்கொம்பு வெட்டுக்கிளியும் உண்டு. அதே வயலில் கூம்புத் தலையோடு ஒல்லியாகத் திரியும் கோனோசெஃபாலஸ் என்ற நெடுங்கொம்பு வகையும் உண்டு. பின்னது இலையையும் கதிரையும் கொஞ்சம் கொறிக்கும்தான். ஆனால் தண்டுத் துளைப்பான் இலையில் அப்பி வைக்கும் முட்டைக் குவியலைத் தின்பதும் அதுவே. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அதை உழவரின் நண்பர் வரிசையில் சேர்த்திருக்கிறது. மருந்தடிக்கும் கைக்கு இரண்டும் ஒன்றுதான். கொம்பின் நீளத்தைப் பார்க்க அரை நிமிடம் போதும்.

சரி, மருக்கடியனுக்கு வருவோம். லின்னேயஸ் 1758 இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது, சுவீடன் நாட்டு விவசாயிகள் கையில் உள்ள மருவை இந்தப் பூச்சியிடம் கடிக்கக் கொடுப்பார்கள் என்ற வழக்கத்தையே பெயராக்கிவிட்டார். கடிக்கும், அதில் ஐயமில்லை. தாடை அவ்வளவு வலுவானது. பிடித்தால் வாயிலிருந்து பழுப்பு நிற நீர் ஒன்றைக் கக்கும். அது பட்டால் மரு உதிரும் என்பது நம்பிக்கை. மரு என்பது வைரஸால் வருவது, பல நேரம் தானே உதிர்ந்துவிடும். புகழ் பூச்சிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். வேண்டுமானால் கடிபட்டுப் பார்க்கலாம். ஆனால் பிரிட்டனில் முயலாதீர்கள். 1981 ஆம் ஆண்டின் வனவுயிர், நாட்டுப்புறச் சட்டத்தின் 5 ஆம் அட்டவணையில் இது பாதுகாக்கப்பட்ட உயிரினம்.

எப்படி அடையாளம் காண்பது? கனத்த பூச்சி. மூன்று சென்டிமீட்டருக்கு மேல் நீளம், நல்ல பருமன். இறக்கை வயிற்று நுனியை எட்டும் அளவு இருக்கும், ஆனால் பறப்பது அரிது. பெரும்பாலும் கரும்பச்சை, இறக்கையிலும் உடம்பிலும் கறுப்புக் கறைகள். தலைக்குப் பின்னால் கழுத்தை மூடியபடி ஒரு தகடு இருக்கிறதே, அதன் மேற்பரப்பு தட்டையாக இருக்கும். நடுவில் முன்னிருந்து பின் வரை மெல்லிய முகடு ஒன்று ஓடும். பெண்ணின் வாள் நீளமானது, மேல்நோக்கி இலேசாக வளைந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. நிறத்தை நம்பாதீர்கள். மருக்கடியனில் பச்சை உண்டு, பழுப்பு உண்டு, சாம்பல் உண்டு, அபூர்வமாக ஊதா சாயலும் உண்டு. கறை அடர்ந்ததும் உண்டு, கறையே இல்லாததும் உண்டு. நெடுங்கொம்பு வகையில் பல இனங்களுக்கு இதே கதைதான். இணையத்தில் ‘பச்சை நிற வெட்டுக்கிளி, பெயர் சொல்லுங்கள்’ என்று படம் போடுவோரிடம் நான் நிறத்தைப் பற்றிக் கேட்பதே இல்லை.

மருக்கடியனோடு குழப்பிக்கொள்ளத்தக்க இனங்கள் மூன்று. பெரும்பச்சை என்று சொல்லத்தக்க டெட்டிகோனியா விரிடிஸிமா நான்கு சென்டிமீட்டரையும் தாண்டும். அதன் இறக்கை வயிற்றுக்கு வெகுதூரம் அப்பால் நீளும். முதுகில் ஒரு பழுப்புக் கோடு, மற்றபடி கறையற்ற பச்சை. அது முள்புதரிலும் உயர்ந்த களைச்செடியிலும் ஏறி உட்காரும். பிற்பகலில் பாடத் தொடங்கி இரவிலும் தொடரும். குட்டைப் புல்லில் அதைத் தேட வேண்டியதில்லை. மற்ற இரண்டும் மருக்கடியனைவிடச் சிறியவை. ஆனால் வளராத மருக்கடியன் இளம்பூச்சியும் சிறியதுதானே, அங்கேதான் தடுமாற்றம்.

அந்த இரண்டையும் பிரிக்கும் இடம் எனக்கு மிகவும் பிடித்தது, அதனால் சற்று நின்று பார்க்கலாம். கழுத்துத் தகடு இரண்டு பக்கமும் மடிந்து கீழே இறங்கும்; அந்தப் பக்கமடலைக் கையில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். மடலின் விளிம்பு முழுவதையும் சுற்றி வெளிர்மஞ்சளோ வெளிர்பச்சையோ ஒரு கரை போட்டிருந்தால் அது ரோசலின் வெட்டுக்கிளி, ரோசிலியானா ரோசிலி. மடலின் பின்விளிம்பில் மட்டும் வெளிறிய கோடு இருந்து, அடிவிளிம்பு இருண்டே இருந்தால் அது சதுப்பு நிலத்து வெட்டுக்கிளி, மெட்ரியோப்டெரா பிராக்கிப்டெரா. ஒரு மில்லிமீட்டர் அகலக் கோடு எங்கே நின்றுவிடுகிறது என்பதில் இருக்கிறது வித்தியாசம். நூறு படம் அனுப்புவார்கள், எல்லாம் மேலிருந்து எடுத்தது. இந்த மடல் ஒன்றிலும் தெரியாது. பக்கவாட்டில் எடுங்கள். ஆணாக இருந்தால் வயிற்று நுனியில் உள்ள இரண்டு வால்நீட்சிகளையும் எடுங்கள். அவற்றின் உட்பக்கப் பல் எங்கே முளைத்திருக்கிறது என்பது இனத்துக்கு இனம் மாறும். அமெரிக்கப் புல்வெளிகளில் வாழும் ஆர்கெலிமம் பேரினத்தில் ஓர் இனத்தை இன்னொன்றிலிருந்து பிரிக்க அந்தப் பல்லைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

ரோசல் என்ற பெயர் வந்துவிட்டதால் ஒரு வார்த்தை. ஆகஸ்ட் யோஹான் ரோசல் ஃபான் ரோசன்ஹோஃப், 1705 முதல் 1759 வரை வாழ்ந்தவர், நூரம்பெர்க் நகரத்துச் சிற்றோவியர். தொழில் ஓவியம், பித்து பூச்சி. 1740களில் அவர் வெளியிட்ட பூச்சிப் படங்களை இன்று பார்த்தாலும் இனம் சொல்லிவிடலாம். அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1822 இல் ஹாகன்பாக் என்பவர் இந்த வெட்டுக்கிளிக்கு அவர் பெயரைச் சூட்டினார். பக்கமடலின் கரையைக் கவனிக்க ஓர் ஓவியனின் கண் வேண்டும். அந்த வகையில் பெயர் பொருத்தம்தான்.

அடுத்தது பாட்டு. மருக்கடியன் வெயில் விரும்பி. நல்ல வெயில் அடித்தால்தான் ஆண் பாடும். மேகம் மூடினால் நிறுத்திவிடும். முதலில் விட்டுவிட்டு டிக், டிக் என்று தொடங்கும். பிறகு வேகம் பிடிக்கும். சூடு ஏற ஏற டிக்குகள் நெருங்கி, நிமிடக்கணக்கில் சீராக ஓடும். ரோசல் அப்படியில்லை, இடைவெளியே விடாத ஓர் இரைச்சல். உயர்அழுத்த மின்கம்பிக்குக் கீழே நின்றால் காதில் விழுமே, அதுதான். அதன் ஒலியில் பெரும்பங்கு மிக உயர்ந்த அலைவெண்ணில் இருப்பதால் வயதானவர்கள் பலருக்குக் கேட்பதில்லை. பிரிட்டனில் இதைக் கணக்கெடுக்கப் போகும் ஓய்வுபெற்ற ஆர்வலர்கள் வௌவால் ஒலியைக் கண்டுபிடிக்கும் கருவியைக் கையில் எடுத்துப் போகிறார்கள். தாங்கள் கேட்க முடியாத பூச்சியை இயந்திரத்தின் காதால் கேட்டுக் குறித்துக்கொண்டு வருகிறார்கள். இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் டேவிட் ராக்கும் அவருடைய சகா ரெனால்ட்ஸும் மேற்கு ஐரோப்பிய வெட்டுக்கிளிகளின் பாட்டுகளை இனவாரியாகத் தொகுத்து 1998 இல் ஒரு பெரிய நூலே வெளியிட்டார்கள். இந்தத் துறையில் காது எவ்வளவு நம்பகமான கருவி என்பதற்கு அந்த நூலே சாட்சி.

உடம்பே கைவிடும் இடத்தில் பாட்டு காப்பாற்றும் என்பதற்கு நம் பக்கத்து உதாரணம் ஒன்று சொல்லிவிடுகிறேன். தென்னிந்தியாவில் மெக்கோபோடா என்ற நெடுங்கொம்பு வகை உண்டு. புல்வெளியைவிடப் புதரில் அதிகம். பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் விவேக் நித்யானந்தாவும் ரோகிணி பாலகிருஷ்ணனும் 2006 இல் வெளியிட்ட ஆய்வில், உடல் தோற்றத்தில் பிரிக்கவே முடியாத இந்தப் பூச்சிகள் ஐந்து வேறு வேறு பாட்டுகள் பாடுவதைக் காட்டினார்கள். ஒரு பாட்டுக்கு ஹெலிகாப்டர் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், இன்னொன்றுக்கு டிரெயின். குண்டூசியில் குத்தி அருங்காட்சியகப் பெட்டியில் வைத்தால் ஐந்தும் ஒன்று. இரவில் புதரோரம் நின்றால் ஐந்து.

இனி மருக்கடியனின் வீட்டைப் பார்ப்போம். இங்கேதான் நான் நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

பிரைட்டனுக்கும் லூயிஸுக்கும் இடையே காஸில் ஹில் என்றொரு தேசிய இயற்கைக் காப்பகம் இருக்கிறது. சுண்ணாம்புப் பாறை மேல் மெல்லிய மண். அதன் மேல் புல். பிரிட்டனில் மருக்கடியன்களின் மிகப் பெரிய கூட்டம் நெடுங்காலமாக இங்கேதான். பார்க்கப் போகிறவருக்கு அது சரிவான, சாதாரணப் புல்மேடு. ஆண்ட்ரூ செரில், வலெரி பிரௌன் இருவரும் 1980களின் பிற்பகுதியில் இந்தப் பூச்சியை ஆராய்ந்து, 1990 இல் பயலாஜிகல் கன்சர்வேஷன் இதழில் எழுதினார்கள். அதைப் படித்தால் அந்தச் ‘சாதாரணப் புல்மேடு’ மூன்றாகப் பிரிந்துவிடும்.

முட்டையிலிருந்து தொடங்குவோம். கோடையின் பிற்பகுதியில் பெண் தரைக்கு இறங்குகிறது. மண் தெரியும் இடமோ, கட்டையாக மேயப்பட்ட புல்லோ பார்த்து, வயிற்றை வளைத்து, வாளை மண்ணுக்குள் இறக்கி ஒவ்வொன்றாக முட்டை வைக்கிறது. அடர்ந்த புல் தூறின் அடியில் வைத்தால் ஆகாது. மண்ணுக்கு வெயில் எட்டாது, வெயில் எட்டாத மண்ணில் முட்டை வளராது. வைத்த முட்டை அடுத்த வசந்தத்தில் பொரிப்பதில்லை. குறைந்தது இரண்டு குளிர்காலம் மண்ணில் கிடக்க வேண்டும். சில முட்டைகள் அதற்கும் மேலே பல ஆண்டுகள் கிடக்கின்றன. ஐரோப்பிய நெடுங்கொம்பு வெட்டுக்கிளிகளின் இந்த நீண்ட உறக்கத்தை ஜெர்மனியில் சிக்ஃபிரிட் இங்கிரிஷ் 1980களில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

இதை மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள், தேர்வுக்கு இல்லை, களத்துக்கு. ஓர் ஆண்டு ஓர் இடத்தில் ஒரு மருக்கடியன்கூடக் கண்ணில் படவில்லை என்றால் அங்கே அது அழிந்துவிட்டது என்று எழுதிவிட முடியாது. நாம் மேலே நடந்துபோகும் மண்ணுக்குள் போன ஆண்டின் முட்டையும் அதற்கு முந்திய ஆண்டின் முட்டையும் இருக்கலாம். மறுபக்கமும் பாருங்கள்: ஒரே ஒரு தடவை உழுதால் போதும். பறந்து திரியும் பூச்சியாக இருந்தால் அந்த ஆண்டுத் தலைமுறை மட்டும் போகும். இங்கே வரப்போகும் பல தலைமுறைகளும் சேர்ந்து புரட்டப்பட்டுவிடும்.

ஏப்ரலில் பொரிக்கும். இளம்பூச்சி மிகச் சிறியது. குளிர் நாட்டில் அதற்கு வேண்டியது சூடு. கட்டைப் புல்லிலும் வெறுந்தரையிலும் வெயில் காய்ந்தபடி, பூவையும் இலையையும் தின்று வளர்கிறது. ஏழு பருவங்களைக் கடந்து ஜூலை வாக்கில் முழுப்பூச்சி ஆகிறது. வளர வளர இடம் மாறுகிறது. பெரிய பச்சைப் பூச்சி கட்டைப் புல்லில் நின்றால் பறவைக்கு விருந்து. அதனால் வளர்ந்தவை அடர்ந்த புல் தூறுகளுக்குள் போய்ப் பதுங்குகின்றன. அங்கிருந்து பாடுகின்றன, ஆள் நடமாட்டம் தெரிந்தால் தூறின் அடிக்குப் பொத்தென்று விழுந்துவிடுகின்றன. ஆனால் தூறு மட்டும் போதாது. மருக்கடியன் அனைத்துண்ணி. நாப்வீட் போன்ற பூச்செடிகளையும், அகப்பட்டால் மற்ற வெட்டுக்கிளிகளையும் தின்கிறது. ஆகவே பூக்கும் செடிகள் கலந்த நடுத்தர உயரப் புல்லும் பக்கத்திலேயே வேண்டும். பிறகு பெண் முட்டையிட மறுபடியும் கட்டைப் புல்லுக்கு வர வேண்டும்.

கட்டைப் புல், பூ கலந்த நடுத்தரப் புல், தூறு. மூன்றும் வேண்டும். மூன்றும் இருந்தால் போதாது, நடந்துபோகும் தூரத்தில் இருக்க வேண்டும். இந்தப் பூச்சி பறப்பது அரிது என்று சொன்னேன் அல்லவா. ஒரு குன்றில் முழுக்கக் கட்டைப் புல், எதிர்க்குன்றில் முழுக்க உயரப் புல் என்றால் வரைபடத்தில் இரண்டும் ‘சுண்ணாம்புப் புல்வெளி’ என்று ஒரே நிறத்தில் இருக்கும். மருக்கடியனுக்கு இரண்டும் உதவாது.

இப்படி மேடும் பள்ளமுமான புல்லை யார் வைத்திருந்தது? ஆடும் மாடும் முயலும். இங்கிலாந்தின் அந்தக் குன்றுகள் நூற்றாண்டுக் கணக்கில் மேய்ச்சல் நிலம். இருபதாம் நூற்றாண்டில் நிறைய இடங்களை உழுதார்கள். உழாத இடங்களில் மேய்ச்சல் குறைந்தது. மிச்சம் இருந்த வேலையை முயல்கள் பார்த்துக்கொண்டிருந்தன. 1953 இல் மிக்ஸோமடோசிஸ் என்ற முயல் நோய் பிரிட்டனுக்குள் வந்தது. மிகச் சில ஆண்டுகளில் நாட்டின் முயல்களில் பெரும்பாலானவை செத்துப்போயின. புல் உயர்ந்தது. அதன் விளைவு வெட்டுக்கிளியோடு நிற்கவில்லை. பெருநீலம் என்ற பட்டாம்பூச்சியின் புழு, கட்டைப் புல்லின் சூடான மண்ணில் வாழும் ஒரு குறிப்பிட்ட சிவப்பெறும்பின் கூட்டுக்குள் வளர்வது. புல் சில சென்டிமீட்டர் உயர்ந்ததும் மண் குளிர்ந்து அந்த எறும்பு போனது. எறும்போடு பட்டாம்பூச்சியும் போய் 1979 இல் பிரிட்டனில் அற்றுப்போனது. ஆய்வாளர் ஜெரமி தாமஸ் இந்தக் காரணத்தைக் கண்டுபிடித்தபோது காலம் கடந்துவிட்டிருந்தது. பிறகு சுவீடனிலிருந்து கொண்டுவந்துதான் மறுபடி குடியேற்றினார்கள். பெருநீலத்தின் கதையை எல்லாரும் சொல்கிறார்கள், அழகான பூச்சி என்பதால். அதே புல் உயர்வில் அடிபட்ட தடித்த வெட்டுக்கிளியைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

சரி, ஆட்டை விட்டு மேய்த்துவிட்டால் தீருமா? ஆடு சீராகக் கத்தரித்துவிடும். மருக்கடியனுக்குச் சீர் ஆகாது. மாடு நாக்கால் சுழற்றிப் பிடுங்கித் தின்பதால் இங்கே மொட்டை, அங்கே தூறு என்று விட்டுவிட்டு மேயும். குளம்பு பதிந்த இடத்தில் மண் தெரியும். அதனால் இதன் காப்பகங்களில் எதை, எந்த மாதம், எத்தனை விடுவது என்பது ஒவ்வோர் ஆண்டும் யோசித்துச் செய்ய வேண்டிய கணக்கு. வளர்ந்த பூச்சிகள் தூறில் இருக்கும் கோடையில் மந்தையை மொத்தமாக விட்டால் மறைவிடம் போகும். விடாமலே இருந்தால் அடுத்த ஆண்டு முட்டைக்கு இடம் இராது. லண்டன் விலங்கியல் சங்கம் 1990களில் இதைக் கூண்டில் வளர்த்துப் பெருக்க முயன்றது. இது தன்னினத்தையே தின்னும் பூச்சி. கூட்டமாக ஒரு பெட்டியில் போட முடியாது. முட்டைக்கோ இரண்டு குளிர்காலம் காத்திருக்க வேண்டும். அந்தத் திட்டத்தில் வேலை பார்த்தவர்களின் பொறுமையை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. சஸ்ஸெக்ஸிலும் கென்டிலும் வேறு இடங்களில் குடியேற்றமும் நடந்திருக்கிறது.

இவ்வளவு கேட்டபின் உங்களில் ஒருவர், “அப்படியானால் சுண்ணாம்பு மண் இருந்தால் மருக்கடியன், இல்லாவிட்டால் இல்லை என்று வைத்துக்கொள்ளலாமா” என்று கேட்கக்கூடும். கூடாது. அதே இங்கிலாந்தில் டார்செட் மாவட்டத்தில் இது ஹீத்தர் செடி வளரும், சுண்ணாம்பே இல்லாத அமில மண்ணில் இருந்திருக்கிறது. ஆல்ப்ஸ் மலையில் வைக்கோலுக்காக அறுக்கும் புல்வெளிகளில் ஏறக்குறைய சர்வசாதாரணம். கிழக்கே ஆசியாவுக்குள்ளும் பரவிக் கிடக்கிறது. இங்கிலாந்து இதன் பரப்பின் விளிம்பு. விளிம்பில் வாழும் எதற்கும் விட்டுக்கொடுக்க இடம் குறைவு. அங்கே கோடை வெயில் போதாததால் தெற்கு நோக்கிய சரிவும் கட்டைப் புல்லும் கட்டாயமாகின்றன. மலை உச்சியின் காட்டமான வெயிலில் அந்தக் கட்டாயம் தளர்கிறது. ஆகவே கள வழிகாட்டி நூலில் ‘வாழிடம்’ என்ற தலைப்பின் கீழ் என்ன போட்டிருக்கிறது என்று பார்க்குமுன், நூல் எந்த நாட்டில் எழுதப்பட்டது என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பிரிட்டிஷ் நூலை வைத்துக்கொண்டு சுவிட்சர்லாந்தில் பூச்சி தேடினால் எல்லாமே வழி தவறி வந்ததாகத் தோன்றும்.

மருக்கடியன் சுருங்கிக்கொண்டிருந்த அதே பத்தாண்டுகளில் ரோசல் என்ன செய்தது தெரியுமா? இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி அது பிரிட்டனில் தேம்ஸ், ஹம்பர் கழிமுகங்களை ஒட்டிய கிழக்குக் கரையோரம் முடங்கிக் கிடந்தது. 1980களிலிருந்து உள்நாட்டுக்குள் புறப்பட்டு, வேல்ஸ் வரை போய்விட்டது. எப்படி? அதன் முட்டை மண்ணுக்கு இறங்குவதில்லை. பெண் புல் தண்டைக் கடித்துத் துளையிட்டு அதற்குள் முட்டை வைக்கும். ஆகவே அதற்கு வேண்டியது அறுக்காமல் விட்ட உயரப் புல். நெடுஞ்சாலை ஓரத்தில் கிலோமீட்டர் கணக்கில் அப்படிப்பட்ட புல் கிடந்தது. யாரும் அதற்காகத் திட்டம் போட்டு வளர்க்கவில்லை. சாதாரணமாக ரோசலின் இறக்கை கட்டை. ஆனால் வெப்பமான கோடையில், நெரிசல் மிகுந்தால், நீண்ட இறக்கையோடு சில பிறக்கும். அவை பறந்து போய்ப் புது இடத்தில் இறங்கும். அட்லாண்டிக்கையும் தாண்டியிருக்கிறது, கப்பல் சரக்கோடு போயிருக்க வேண்டும். 1950களின் தொடக்கத்தில் கனடாவின் மொன்ட்ரியால் பக்கம் கண்டுபிடித்தார்கள். இன்று வடகிழக்கு அமெரிக்காவின் சாலையோரங்களில் அது உள்ளூர்ப் பூச்சி போல இருக்கிறது.

இரண்டும் ‘புல்வெளி வெட்டுக்கிளி’தான். முட்டை எங்கே போகிறது என்ற ஒரே விவரம், மண்ணுக்கா தண்டுக்கா என்பது, ஒன்றைச் சட்டத்தின் பாதுகாப்புக்கும் மற்றதைப் பயணத்துக்கும் அனுப்பியதில் பெரும்பங்கு வகித்திருக்கிறது. ‘புல்வெளியைக் காப்போம்’ என்று பலகை வைத்து, வேலி போட்டு, மேய்ச்சலை நிறுத்தினால் ரோசலுக்குக் கொண்டாட்டம், மருக்கடியனுக்கு மறைவிடம் மட்டும் மிஞ்சும், குழந்தை வளர்க்க இடம் இராது. யாருக்காகக் காக்கிறோம் என்று தெரியாமல் வேலி போடக்கூடாது என்பது என் கட்சி. இதில் என்னோடு சண்டைக்கு வருகிற நண்பர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். தேநீர் இடைவேளையில் பார்த்துக்கொள்வோம்.

கடைசியாக, படம் எடுப்பவர்களுக்கு. பக்கமடலும் வால்நீட்சியும் தெரியட்டும் என்றேன். பெண்ணாக இருந்தால் வாளும் தெரியட்டும். அதோடு பூச்சி இருந்த புல்லை ஒரு படம், காலடி தெரிகிற மாதிரி எடுங்கள். புல்லின் உயரம் அதில் தானே தெரியும். மண் தெரிகிறதா, பூச்செடி கலந்திருக்கிறதா, அறுத்த புல்லா, மேய்ந்த புல்லா என்று ஒரு வரி. வெயில் இருந்ததா, மணி என்ன, பாடிக்கொண்டிருந்ததா என்று இன்னொரு வரி. இளம்பூச்சியாக இருந்தால் இனம் சொல்லத் துணியாதீர்கள். பேரினத்தோடு நிறுத்துவது குறைச்சல் ஒன்றும் இல்லை. கைபேசியில் ஒலிப்பதிவும் செய்யுங்கள், ஆனால் சில பாட்டுகளை அது சரியாகப் பிடிக்காது. அமைதியாகத் தோன்றும் பதிவை அழித்துவிடாதீர்கள். வேறொருவரின் கருவியில் அது பேசலாம்.

இப்போது மூன்று ஒலிப்பதிவுகளைப் போடப் போகிறேன். முதலாவது மருக்கடியன், வெயில் ஏறிய முற்பகலில் எடுத்தது; டிக்குகள் வேகம் பிடிப்பதைக் கவனியுங்கள். இரண்டாவது பெரும்பச்சை, அந்தி நேரம். மூன்றாவது ரோசல். அது ஓடும்போது கேட்பவர்கள் கையைத் தூக்குங்கள். முன்வரிசையில் பல கைகள் எழாது, மாணவர்கள் பக்கம் எல்லாக் கையும் எழும் என்று நினைக்கிறேன். யாரிடமும் வயது கேட்கமாட்டேன்.